பயந்தாங்கொள்ளி டிரைவர்

பாவுச்சா தக்கா படகுத்துறையில் போய் அவரைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் நாலு பேர் சிரிப்பார்கள். "கோன், வோ டர்போக் டிரைவர்?" என்பார்கள். டர்போக் என்றால் பயந்தாங்கொள்ளி. சிரிக்கிறவர்களில் ஒருவனுக்கு இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. இன்னொருவனுக்கு முழங்கையிலிருந்து தோள்வரை வெந்த தழும்பு. ரெண்டு பேரும் என்ஜின் டிரைவர்கள்தான், தைரியசாலிகள். சிரிக்கட்டும். நான் அவர் இருந்த படகுக்குச் சாரங்கு. அதாவது மேலே நின்று சக்கரத்தைப் பிடித்துப் படகைத் திருப்புகிறவன். அவர் கீழே என்ஜினோடு இருப்பவர். அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத்தான் உரிமை இருக்கிறது. எவனாவது மறுத்தால் நேரில் வரச் சொல்லுங்கள்.

எங்கள் லாஞ்ச் மரத்தில் செய்தது. தக்காவிலிருந்து அக்கரைக்கு ஜனங்களை ஏற்றிப் போய் இறக்கிவிட்டுத் திரும்பும். என் கூண்டிலிருந்து ஒரு கயிறு கீழே போகும், இழுத்தால் என்ஜின் ரூமில் மணி அடிக்கும். ஒரு மணி என்றால் முன்னே போ, ரெண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் பின்னே. மற்றப் படகுகளில் மேலே மணி அடித்தால் கீழே இருப்பவன் செய்வான், பேச்சே கிடையாது. எங்கள் படகில் கீழிருந்து பதில் வரும். ஏணியில் ஒரு ஸ்பேனர் தொங்கும். அவர் அதை எடுத்து இரும்பு ஏணியில் ஒரு தட்டுத் தட்டினால் சரி என்று அர்த்தம். ரெண்டு தட்டினால் முடியாது.

நான் சேர்ந்த முதல் நாளே ரெண்டு தட்டு வாங்கினேன். ஜனம் ஏறியாயிற்று, கயிறு அவிழ்த்தாயிற்று, மணியடித்தால் டண் டண் என்று பதில். குனிந்து ஓட்டை வழியாகக் கத்தினேன். நாங்கள் ரெண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவர் வாயைத் திறந்ததும் தெரிந்துபோயிற்று.

"என்னவே கத்துதீரு? என்ஜின் இன்னும் தண்ணி துப்பல. பொறும்."

கடல் தண்ணீர் உள்ளே போய் என்ஜினைச் சுற்றிக் குளிர்வித்துவிட்டுப் படகின் விலாவில் இருக்கும் ஓட்டை வழியே வெளியே கொட்ட வேண்டும். அது கொட்டுவதை எங்கள் கலாசி, அதாவது படகில் கூடமாட வேலை செய்கிற பையன், எட்டிப் பார்த்து "பானி ஆலா", தண்ணீர் வந்தாயிற்று, என்று மராத்தியில் குரல் கொடுத்த பிறகுதான் அவர் கியரைத் தொடுவார். அதற்கு முன்னால் கடவுளே வந்து மணியடித்தாலும் ரெண்டு தட்டுத்தான். கடவுளே வந்தாலும் என்று நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர். குரல் மட்டும் சகிக்காது.

ஆளைப் பார்த்தால் என்ஜின்காரர் என்று சொல்லவே முடியாது. வடாலாவில் ரயில் ஏறும்போது கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மை அடித்த மீசை, சட்டைப் பையில் சீப்பு. சுனாபட்டியிலிருந்து நான் அதே வண்டியில் வருவேன். யாராவது கதவோரம் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தொங்கினால் போதும், அவருக்குப் பொறுக்காது. "ஏ பாய், டவல் உள்ள போடு" என்பார். அவன் முறைப்பான். இவர் திரும்ப முறைப்பார். தக்காவுக்கு வந்ததும் வெள்ளைச் சட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, தொங்கலோ நாடாவோ இல்லாத ஒரு நீல உடையைப் போட்டுக்கொள்வார். மோதிரத்தையும் கழற்றிவிடுவார். வெயில் காலத்தில் மற்ற டிரைவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். இவர் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்பார்.

"ஏன்வே இப்படிப் பயப்படுதீரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆமா, பயம்தான். அதுல என்ன வெக்கம்? பயம் இருக்கிற வரைக்கும் கையி வெளிய இருக்கும்வே. தைரியம் வந்துட்டா கையி உள்ள போயிரும்."

சாயங்காலம் கடைசி நடை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, சோப்புப் போட்டு, மேலே வந்து பத்து விரலையும் என் முகத்துக்கு நேராக விரிப்பார். "கணக்கு சரியா இருக்கா, பாத்துக்கிடும்" என்பார். நான் எண்ணுகிற மாதிரி எண்ணிவிட்டு, "ஒண்ணு கொறையுதே" என்பேன். தினமும் இதே கூத்துத்தான். ரெண்டு பேருக்கும் சலிக்கவே இல்லை.

அவரிடம் எல்லாமே நல்லது என்று சொல்ல வரவில்லை. கேரம் விளையாடினால் திருட்டுத்தனம் செய்வார். பிறத்தியார் வேலையை ஒருநாளும் மெச்ச மாட்டார். நான் கடும் காற்றில் படகைத் தக்காவில் பூவாய்க் கொண்டுவந்து சேர்த்தாலும், "ம், இடிக்கல" என்பதுதான் அதிகபட்சப் பாராட்டு. வாயும் சும்மா இருக்காது. ஒருமுறை நடுவழியில் என்ஜின் சூடேறி வேகத்தைக் குறைத்துவிட்டார். ஆபீசுக்குப் போகிற ஜனம் கத்த ஆரம்பித்தது. மனிதர் நிதானமாகத் தண்ணீர் உறிஞ்சுகிற குழாயின் வடிகட்டியைத் திறந்து, அதில் அடைத்திருந்த பிளாஸ்டிக் பையை உருவினார். அதோடு விட்டாரா? சொட்டச் சொட்ட மேலே கொண்டுவந்து, ஜனங்களுக்கு நடுவில் கைப்பிடிக் கம்பியில் தொங்கவிட்டார். "யே கிஸ்கா ஹை? லேகே ஜாவோ" என்றார். யாருடையதாம், எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். அன்றைக்குக் கத்தின வாய்கள் எல்லாம் அக்கரை வரைக்கும் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரியிடம் மட்டும் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டார். எங்கள் தக்காவில் ஒரு வழக்கம் உண்டு. புகை போகிற குழாய் எப்போதும் கொதிக்கும், அதன் மேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டால் மத்தியானம் சோறு சுடச்சுட இருக்கும். எல்லாப் படகிலும் செய்வார்கள். நானும் கலாசியிடம் கொடுத்து வைக்கச் சொன்னேன். அவன் சூடு தாங்காமல் ஒரு துணியைச் சுற்றி வைத்தான். துணியில் டீசல். கொஞ்ச நேரத்தில் கீழே புகை. அவர் துணியோடு சேர்த்துத் தூக்கைக் கம்பியால் தள்ளி, மணல் வாளியில் கவிழ்த்துவிட்டார். நெத்திலிக் குழம்பு மணலோடு மணல். அன்று முதல் எங்கள் படகில் அந்தக் குழாய் மேல் ஒரு தீப்பெட்டிகூட வைக்கக்கூடாது. ஆறின சோறுதான்.

அடுத்த ஞாயிறு வடாலா ஸ்டேஷனில் என் வீட்டுக்காரி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, என் கொழம்பு உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

"கொழம்பு மேல எனக்கு என்னம்மா கோவம்? நல்ல வாசனை. மணல்ல கொட்டும்போது எனக்கே வயிறு எரிஞ்சிச்சு."

"அப்போ எதுக்குக் கொட்டினீங்க?"

"உன் வீட்டுக்காரனக் கொட்டாம இருக்கத்தான்."

 அதற்கப்புறம் நெத்திலி வாங்கின நாளெல்லாம் தூக்கில் அவருக்கும் சேர்த்து வைத்தாள்.

இனி தசரா. சிரிக்கிறவர்கள் சொல்லிச் சிரிப்பது இதைத்தான்.

தசராவுக்கு முன்னாலிருந்தே என்ஜின் சூடான பிறகு எண்ணெய் அழுத்தம் இறங்குகிறது என்று அவர் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளியை நாங்கள் சேட் என்போம். உள்ளே பேரிங் தேய்ந்திருக்க வேண்டும், படகை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார். பண்டிகைக் கூட்டம் போகட்டும் என்றார் சேட். டிரைவர் தன் வீட்டிலிருந்து மகளின் நகப்பூச்சைக் கொண்டுவந்தார். அழுத்தம் காட்டுகிற வட்டக் கண்ணாடியில் சிவப்பாக ஒரு கோடு போட்டார். "முள்ளு இந்தக் கோட்டுக்கு மேல நிக்கிற வரைக்கும் ஓட்டுதேன். கீழ வந்தா நிறுத்திருவேன். அப்பொறம் என்னையக் கேக்கப்படாது" என்று இந்தியில் சேட்டிடமும் தமிழில் என்னிடமும் சொன்னார்.

நம் ஊர் ஆயுத பூஜை மாதிரி இங்கே தசராவன்று என்ஜினுக்குப் பூஜை. சேட் குடும்பத்தோடு வந்திருந்தார். மாட்டுங்கா மார்க்கெட்டில் கேந்திப்பூ வாங்கி வந்ததே நம் டிரைவர்தான். இவர் கிறிஸ்தவர் என்றாலும் பூஜையில் ஒரு குறையும் வைக்க மாட்டார். கைகட்டி நிற்பார், தேங்காயை எடுத்துக் கொடுப்பார். சேட்டின் மனைவி சந்தனம் குழைத்து, குங்குமம் சேர்த்து, என்ஜின் முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். பார்ப்பவருக்கு அந்த வட்டக் கண்ணாடிதான் என்ஜினின் முகம் மாதிரி இருக்கும். அதன் மேல் பெரிதாக ஒரு பொட்டை அழுத்தி வைத்தார். கோடும் முள்ளும் சந்தனத்துக்கு அடியில் போயின.

டிரைவர் ஆரத்தி முடிகிற வரைக்கும் காத்திருந்தார். முடிந்ததும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் தொங்கின மாலையைக் கழற்றி ஏணியில் மாட்டினார். பிறகு சுத்தமான துணி ஒன்றை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

 சேட்டின் மனைவி கையில் தட்டோடு அப்படியே நின்றார். சேட்டுக்கு முகம் கறுத்துப்போயிற்று. "யே க்யா கியா?" என்றார். என்ன காரியம் செய்தாய் என்று.

"மத்த எடமெல்லாம் சாமிக்கு. இந்தக் கண்ணாடி ஒண்ணு மட்டும் எனக்கு வேணும் சேட்" என்று அவருக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற குரலே இல்லை.  கொஞ்சம் பணிவாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதெல்லாம் அவர் பழக்கத்தில் கிடையாது.

பூஜை முடிந்த முதல் நடை. சேட்டும் மனைவியும் படகிலேயே இருந்தார்கள். புதுத் துணி உடுத்திய ஜனம், கைக்குழந்தைகள், பூக்கூடைகள். பெரிய கப்பல்கள் போகிற பாதையைத் தாண்டிக்கொண்டிருந்தோம். கீழிருந்து ரெண்டு தட்டு வந்தது.

நான் மணியே அடிக்கவில்லை. கேட்காமல் ஒருநாளும் அவர் முடியாது என்று சொன்னதில்லை. என்ன ஏது என்று குனிவதற்குள் என்ஜின் சத்தம் தணிந்து, நின்றேவிட்டது.

"நங்கூரத்தப் போடும்வே. முள்ளு கோட்டுக்குக் கீழ போயிட்டு. எண்ணெ தீயிற வாடை வருது."

கடல் வற்றிக்கொண்டிருந்த நேரம். படகு கப்பல் பாதைக்குள்ளேயே இழுபட்டது. நங்கூரம் பிடிக்கிற வரைக்கும் எனக்கு உயிரே இல்லை. பிடித்தது. ஹாரனை அடித்து, எதிரே வந்த லாஞ்சுக்குக் கை காட்டி, இழுத்துப் போக வேறு லாஞ்ச் அனுப்பச் சொன்னேன். அதற்குள் அவர் டீசல் குழாயை அடைத்துவிட்டு மேலே வந்தார். கலாசியையும் மேலே ஏற்றினார். என்ஜின் ரூமின் மூடியை இழுத்துச் சாத்தினார். பக்கத்தில் இருந்த பெண்களையும் பிள்ளைகளையும் முன்பக்கம் போகச் சொல்லிவிட்டு, மூடி மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சேட் ஓடி வந்தார். என்ஜினின் பக்கக் கதவைத் திறந்து பார், எண்ணெயை ஊற்று, கிளப்பு என்றார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். தக்காவில் எல்லோரும் செய்வது அதுதான். பேரிங் காய்ந்து சிவந்து கிடக்கும்போது உள்ளே முழுக்க எண்ணெய் ஆவியாக நிற்கும். கதவைத் திறந்தால் காற்றுப் போகும். காற்றுப் போனால் வெடிக்கும். ஆறுகிற வரைக்கும் கிட்டேயே போகக்கூடாது. அவர் இதை எனக்கு முன்பே பலதடவை சொல்லியிருந்தார். சேட்டிடமும் சொன்னார். சேட் கேட்கிற நிலையில் இல்லை. கலாசியைக் கூப்பிட்டு, நீ இறங்கித் திற என்றார்.

"இவன் கீழ போணும்னா என்னையத் தூக்கிக் கடல்ல போட்டுட்டுத்தான் போணும்" என்றார் அவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

ஜனம் சுற்றிக்கொண்டது. தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. குழந்தை ஒன்று வீறிட்டது. புதுச்சட்டை போட்ட ஒருவன் அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "சாலா டர்போக்" என்றான்.

"ஹாங். டர்போக் ஹூங்" என்றார். "பயமாத்தான் இருக்கு. உனக்கு இல்லேங்கிறதால திறக்கவா முடியும்?"

சேட் என்னிடம் வந்தார். நீதானே சாரங்கு, அவனுக்கு உத்தரவு போடு என்றார்.  வீட்டு வாடகை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. மூடி மேல் அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். "படகுக்கு நான், சேட். என்ஜினுக்கு அவர்" என்றேன். 

கப்பல் எங்களைச் சுற்றிப் போயிற்று. அது கிளப்பின அலையில் படகு ஆடினபோதும் அவர் அசையவில்லை. கிட்டே போய், "இன்னும் எவ்வளவு நேரம்வே?" என்று மெதுவாகக் கேட்டேன். "தெரியல. இப்போதைக்குப் பின்னால நல்லாச் சுடுது" என்றார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

இன்னொரு லாஞ்ச் வந்து எங்களைத் தக்காவுக்கு இழுத்துப் போயிற்று. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நன்றாக ஆறின பிறகு மெக்கானிக் வந்து கதவைத் திறந்தார். பேரிங் உருகி வழிந்து, தண்டு கறுத்துப்போயிருந்தது. அடியில் கிடந்த எண்ணெய் வெள்ளிப்பொடி கலந்த மாதிரி மின்னியது. "நடுவழியில் திறந்திருந்தால் திறந்தவனுக்கு முகம் மிஞ்சியிருக்காது" என்று மெக்கானிக் சேட்டுக்கு முன்னாலேயே சொன்னார்.

அதற்குப் பிறகும் என்ன நடந்தது தெரியுமா? பொட்டை அழித்தான், அதனால்தான் என்ஜின் நின்றது என்று தக்கா முழுக்கப் பேச்சு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பொட்டை அழித்ததால் நிற்கவில்லை ஐயா, பொட்டை அழித்ததால்தான் முள் தெரிந்தது. துடைக்காமல் விட்டிருந்தால் வெடிக்கிற வரைக்கும் சந்தனத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருப்போம். அத்தனை பிள்ளைகுட்டிகளும் மேலே. இதை நான் டீக்கடையில் நின்று கத்திச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, "பர் டீக்கா நஹீங் மிட்டானா ச்சாஹியே தா" என்றார்கள். என்ன இருந்தாலும் பொட்டை அழித்திருக்கக் கூடாதாம். எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

சேட் அவரை நிறுத்திவிட்டார். பூஜையைக் கெடுத்த கை இனி என்ஜினைத் தொடக்கூடாது என்றார். நான் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

"ஒரு மன்னிப்புக் கேட்டுரும்வே. சேட்டம்மா கிட்ட ஒரு வார்த்தை. வேலை மிஞ்சும்."

"எதுக்கு மன்னிப்பு? கண்ணாடியத் தொடச்சதுக்கா?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான."

"நாளைக்கு இந்த எடத்துக்கு வேற ஒருத்தன் வருவான். நான் மன்னிப்புக் கேட்டுட்டேன்னு வையும். அவன் தொடைக்க மாட்டான்."

 நீல உடையை மடித்துப் பையில் வைத்தார். வெள்ளைச் சட்டையைப் போட்டு மீசையைச் சீவினார். ஸ்பேனரை எடுத்துத் துடைத்து, அது சேட்டின் சாமான் என்று ஏணியிலேயே மாட்டினார். பத்து விரலையும் என் முகத்துக்கு நேராக விரித்தார். அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை. "சரியா இருக்கு" என்றேன்.

பிறகு செம்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டார். அங்கேயும் அதே கதைதான். யாரோ கல்யாணப் பந்தலின் துணியைப் புகைக்குழாயை ஒட்டிக் கட்டிவிட்டார்கள். கரண்ட் போயிற்று. துணியை அவிழ்க்கிற வரைக்கும் கிளப்ப மாட்டேன் என்று மாப்பிள்ளை வீட்டாரை இருட்டில் உட்கார வைத்தார். போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். போன மழைக்காலத்தில் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். வடாலாவில் வீட்டுக்கு முன்னால் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, மை அடித்த மீசை. கைகளை நெஞ்சின் மேல் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். குனிந்து எண்ணினேன். பத்தும் இருந்தன. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரை வேலையிலிருந்து நிறுத்தின பிறகு சேட் புதுப் படகு ஒன்று வாங்கினார், தசரா பூஜை அதற்குப் போய்விட்டது. இந்த வருஷம் அந்தப் படகு பழுதுபார்க்கக் கரையேறிவிட்டதால் பூஜை திரும்ப எங்கள் படகுக்கு வந்தது. என்ஜினுக்கு இப்போது ரத்னகிரிக்காரர் ஒருவர், வேலைக்குப் புதியவர். சேட்டின் மனைவி சந்தனத் தட்டோடு பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றது. அந்த அம்மாவுக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. "அங்கேயும் வை" என்றார் சேட். புது டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார், சேட்டைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

நான் ஏணியில் நின்றிருந்தேன். ஸ்பேனர் கைக்கு எட்டும் இடத்தில் தொங்கியது. எடுத்து ரெண்டு தட்டுத் தட்டினேன். சின்ன இடம், காது அடைத்துப்போயிற்று. எல்லோரும் திரும்பினார்கள்.

சேட் என்னையே பார்த்தார். "டர் லக்தா ஹை?" என்றார். பயமா என்று கேட்டார்.

"ஹாங் சேட்" என்றேன். "பயம்தான்."

சேட் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி பக்கத்துப் பலகையில் பொட்டை வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். ஆரத்தி முடிந்து நான் மேலே வந்து மணிக் கயிற்றை இழுத்தேன். கீழே கண்ணாடி சுத்தமாக இருந்தது. உடனே கியர் விழவில்லை. கலாசி விலாவில் எட்டிப் பார்த்து "பானி ஆலா" என்றான். அதற்குப் பிறகு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, புது டிரைவர் ஏணியில் ஒரு தட்டுத் தட்டினார்.